நிலக்கரி பவர் பிளான்ட்டை சிம்ல வைக்கிறது ஏன் இவ்ளோ கஷ்டம்?

சோலார் பத்தி எங்க பேச்சு வந்தாலும் ரெண்டு வாதம் தவறாம வந்துடும். "மத்தியானம் சோலார் கரண்ட் கொட்டுது, அந்த நேரத்துக்கு நிலக்கரி பிளான்ட்டை ஆஃப் பண்ணிட்டு சாயங்காலம் ஆன் பண்ண வேண்டியதுதானே"ன்னு ஒரு பக்கம் கேக்குறாங்க. இன்னொரு பக்கம், "அது பேஸ் லோடு மெஷின்ப்பா, நாள் பூரா ஒரே அளவுல, ஃபுல் லோடுல ஓடத்தான் செஞ்சிருக்காங்க, கீழ இறக்கினா பாய்லர் போயிடும்"னு அடிச்சு சொல்றாங்க. ரெண்டுமே தப்பு. நான் சில வருஷம் ஒரு நிலக்கரி யூனிட்டோட (ஒரு பாய்லரும் அதோட டர்பைனும் சேந்த ஒரு செட்) கன்ட்ரோல் ரூம்ல ஷிப்ட் பாத்தவன், அதனால இதைக் கேக்கும்போதெல்லாம் உக்காந்து பொறுமையா சொல்லணும்னு தோணும், அதான் இங்க எழுதுறேன். இன்ஜினியரிங் படிச்சிருக்கணும்னு அவசியம் இல்ல, அடுப்பு பத்த வச்சுப் பாத்திருந்தா போதும்.

முதல்ல, எதுக்கு இறக்கணும்?

கரண்ட்டை தண்ணி மாதிரி டேங்க்ல ரொப்பி வச்சுக்க முடியாது. பேட்டரி இருக்கு, அணைக்கட்டுல தண்ணியை மேல ஏத்தி வச்சுக்குற வழியும் இருக்கு, ஆனா மொத்த தேவையோட ஒப்பிட்டா அதெல்லாம் இன்னும் சின்ன அளவுதான். அதனால இந்த செகண்ட் எல்லாருமா சேந்து எவ்ளோ கரண்ட் இழுக்குறோமோ அதே அளவுதான் இந்த செகண்ட் எல்லா பிளான்ட்டும் சேந்து குடுக்கணும். கூடுச்சுன்னா கிரிட்டோட ஃபிரீக்வென்சி 50 ஹெர்ட்ஸுக்கு (சில நாடுகள்ல 60) மேல ஏறும், குறைஞ்சா இறங்கும், ரொம்ப விலகிப்போச்சுன்னா மெஷினெல்லாம் தன்னைக் காப்பாத்திக்க ஒண்ணொண்ணா கழண்டுக்கும், அப்புறம் ஊரே இருட்டு.

மொத்த தேவையில இருந்து சோலாரும் காத்தாலையும் குடுக்குறதைக் கழிச்சா மிச்சம் ஒண்ணு வரும்ல, அதுக்குப் பேரு நிகர லோடு. நிலக்கரி மாதிரி பிளான்ட்டுங்க இந்த நிகர லோடைத்தான் சுமக்கணும். சோலார் நிறைய வந்த இடத்துல இது மத்தியானம் பள்ளத்துல விழுந்து, வெயில் சாயும்போது செங்குத்தா ஏறும். கலிபோர்னியா கிரிட்டை நடத்துறவங்க 2013ல இதை ஒரு கிராஃபா போட்டுக் காமிச்சாங்க, கோடு பாக்க வாத்து மாதிரி வயிறு தொங்கி கழுத்து நிமிந்து இருந்துச்சு, அதனால 'வாத்து வளைவு'ன்னே பேர் நின்னுபோச்சு.

இப்ப நிலக்கரி பிளான்ட் கிட்ட மூணு வேலை கேக்குறோம். மத்தியானம் எவ்ளோ கீழ இறங்கி நிக்க முடியும்? அது மினிமம் லோடு. சாயங்காலம் நிமிஷத்துக்கு எவ்ளோ ஏற முடியும்? அது ராம்ப் ரேட். முழுசா நிறுத்தினா திரும்பி வர எவ்ளோ நேரம்? அது ஸ்டார்ட்-அப் டைம். ஜனங்க பேசும்போது இந்த மூணையும் ஒண்ணாப் போட்டு குழப்பிக்குறாங்க, பாதி சண்டைக்கு அதுதான் காரணம். இறங்கி நிக்கிறதுல கெட்டியான யூனிட் ஏறுறதுல மந்தமா இருக்கலாம், ரெண்டுக்கும் காரணம் வேற வேற.

சுருக்கமா: தேவையும் உற்பத்தியும் எந்த நேரமும் சமமா இருக்கணும், சோலார் வந்ததால மத்தியானம் நிலக்கரி வழி விட்டாகணும், சாயங்காலம் உடனே திரும்பி வந்தாகணும்.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணா என்ன?

கெட்டியான கண்ணாடி டம்ளர்ல சட்டுனு கொதிக்கிற தண்ணி ஊத்தினா சில சமயம் விரிசல் விட்டுடும், மெலிசான டம்ளர் தாங்கிக்கும். கெட்டிக் கண்ணாடியோட உள்பக்கம் சூடாகி விரியப் பாக்குது, வெளிப்பக்கம் இன்னும் சில்லுனு இருந்து விடமாட்டேங்குது, அந்த இழுபறிலதான் உடையுது. பவர் பிளான்ட்ல இருக்குறது இரும்பு, அது கண்ணாடி மாதிரி ஒரே அடியா உடையாது, ஆனா அதே இழுபறி அதுக்குள்ளயும் நடக்கும். தண்ணியையும் நீராவியையும் பிரிக்கிற ஒரு பெரிய உருளை பாய்லர் மேல தொங்கும், அதுக்கு டிரம்னு பேரு, பெரிய யூனிட்ல அதோட சுவரே பத்து சென்டிமீட்டருக்கு மேல தடிமன். நீராவி சுத்த வைக்கிற டர்பைனோட நடுத்தண்டு, அதான் ரோட்டர், முழு எஃகு. அதுமேல 540 டிகிரி நீராவி அடிக்குது, மேல்தோல் உடனே சூடாகும், நடு மையத்துக்கு சூடு போய்ச் சேர ரொம்ப நேரம் பிடிக்கும். அதுவும் நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்திக்கிட்டே.

ஒரு கம்பியைக் கையில எடுத்து ஒரு தடவை வளைச்சா ஒண்ணும் ஆகாது. இப்படியும் அப்படியுமா வளைச்சுக்கிட்டே இருங்க, ஒரு கட்டத்துல பட்டுனு ஒடிஞ்சிடும். இதுக்கு ஃபட்டீக்னு பேரு, உலோகத்தோட களைப்பு. யூனிட்டை ஒவ்வொரு தடவை நிறுத்தி ஆறவிட்டு மறுபடி சூடாக்கும்போதும் கம்பியை ஒரு தடவை வளைக்கிற மாதிரிதான். இன்னைக்கு நிறுத்தினா நாளைக்கே ஒடியாது, அதனாலதான் வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு இதுல என்ன நஷ்டம்னு தெரியறதில்ல. வெல்டிங் ஓரத்துல, குழாய் வளைவுல, ஹெடர்ல (பல குழாய் வந்து சேர்ற தடிச்ச குழாய்) மெல்ல மெல்ல கீறல் சேந்துக்கிட்டே வரும், சில வருஷம் கழிச்சு ஒரு ட்யூப் லீக்கா வெளிய வந்து நிக்கும்.

இதுக்கு மருந்து ஒண்ணுதான், மெதுவா சூடாக்கணும். ராத்திரி நிறுத்தி காலைல எடுக்குற ஹாட் ஸ்டார்ட்னா உலோகம் இன்னும் சூடாத்தான் இருக்கும், ரெண்டு மூணு மணி நேரத்துல வந்துடலாம். மூணு நாளைக்கு மேல நின்னு ஆறிப்போயிருந்தா அது கோல்டு ஸ்டார்ட், பத்து மணி நேரம்கூட ஆகும். அந்த நேரத்துல நிறைய எண்ணெயும் எரியும், ஏன்னா குளிர்ந்த ஃபர்னஸ்ல (பாய்லருக்குள்ள கரி எரியற பெரிய அறை) நிலக்கரி தானா பத்திக்காது. நிறுத்தி வச்ச ரோட்டரைக்கூட சும்மா விட முடியாது, சூட்டுல அசையாம கிடந்தா தன் எடையிலேயே வளைஞ்சிடும்னு ஒரு மோட்டார் வச்சு மெதுவா உருட்டிக்கிட்டே இருப்பாங்க, அதை பாரிங் கியர்னு சொல்வோம்.

ஆக, மத்தியானம் நாலஞ்சு மணி நேரத்துக்காக தினமும் நிறுத்தி எடுக்குறதைவிட, நெருப்பை அணைக்காம எவ்ளோ கீழ இறங்கி நிக்க முடியுமோ அவ்ளோ இறங்கி நிக்கிறது மெஷினுக்கு நல்லது. குறைஞ்ச லோடு பத்தி இத்தனை பேர் மண்டையை உடைச்சுக்குறது இதுக்குத்தான்.

அடுப்பை சிம்ல வைக்கிறதுல என்ன சிக்கல்?

கேஸ் அடுப்புல குமிழைத் திருகினா தீ அழகா சின்னதாகுது, ஏன்னா கேஸ் எவ்ளோ கொஞ்சமா வந்தாலும் காத்தோட உடனே கலந்து எரியும். நிலக்கரி அப்படி இல்ல. பெரிய பிளான்ட்ல கரியைக் கட்டி கட்டியாப் போட்டு எரிக்கிறதா நிறைய பேர் நினைக்குறாங்க, உண்மையில அதை முகத்துக்குப் போடுற பவுடர் மாதிரி நைசா அரைச்சு (சுமார் 70% துகள் 75 மைக்ரானுக்கும் சின்னது) சூடான காத்துல ஏத்தி பர்னர் வழியா ஃபர்னஸுக்குள்ள ஊதுறாங்க. அரைக்கிற மெஷினுக்குப் பேரு மில். ஒரு 500 மெகாவாட் யூனிட்டுக்கு இந்த மாதிரி மில் ஏழெட்டு இருக்கும், அதுல அஞ்சாறு ஓடும், ஒண்ணு ரெண்டு ரிசர்வ்ல நிக்கும். ஒவ்வொரு மில்லும் ஃபர்னஸ்ல ஒவ்வொரு உயரத்துல இருக்கற பர்னர் வரிசைக்கு தூள் அனுப்பும், அந்த வரிசையை எலிவேஷன்னு சொல்வோம்.

புதுசா உள்ள வர்ற தூள் எப்படிப் பத்திக்குதுன்னா, ஏற்கனவே உள்ள எரிஞ்சுக்கிட்டிருக்கற தீயோட அனல்ல சூடாகி, முதல்ல அதுல இருந்து எரியக்கூடிய வாயு வெளிய வரும், அது பத்தும், அந்தச் சூட்டுல மிச்சம் இருக்கற கரி எரியும். அதாவது இந்த நிமிஷ தீயைப் பத்த வைக்கிறது போன நிமிஷ தீதான். லோடு குறைச்சா மொத்த அனலும் குறையுது, புதுத்தூள் சூடாக கூடுதல் நேரம் எடுத்துக்குது, தீ பர்னர் வாயை விட்டுத் தள்ளிப்போய் எரியுது, ஆட ஆரம்பிக்குது.

இதோட மில்லும் சேந்துக்கும். தூளைக் குழாய்ல தூக்கிட்டுப் போற காத்துக்கு ஒரு குறைஞ்சபட்ச வேகம் வேணும், செகண்டுக்கு பதினெட்டு இருபது மீட்டராவது இருக்கணும், இல்லன்னா தூள் குழாயிலயே படிஞ்சு தீப்பிடிக்கும். அதனால கரியைப் பாதியாக் குறைச்சாலும் காத்தைப் பாதியாக் குறைக்க முடியாது. என்ன ஆகுது? காத்து நிறைய, தூள் கொஞ்சம்னு கலவை நீர்த்துப்போயிடுது. ஒரு துகளுக்கும் அடுத்த துகளுக்கும் இடைவெளி கூடிப்போய், ஒண்ணோட தீ இன்னொண்ணுக்குத் தாவ சிரமப்படுது. அதுக்கும் கீழ போனா மில்லுக்குள்ள அரைக்க கரியே போதாம உருளையும் தட்டும் ஒண்ணோடொண்ணு மோதி அதிரும். பொதுவா ஒரு மில்லை அதோட கெப்பாசிட்டியில சுமார் பாதிக்குக் கீழ ஓட்டப் பிரியப்படமாட்டோம்.

சரி, தீ அணைஞ்சா அணைஞ்சு போகட்டும், மறுபடி பத்த வச்சுக்கலாம்னு நினைக்கக்கூடாது. தீ இல்லாம தூள் மட்டும் உள்ள போய்க்கிட்டே இருந்தா அது பல மாடி உயர ஃபர்னஸ் முழுக்க நிறைஞ்ச வெடிமருந்துக்கு சமம், ஒரு பொறி பட்டா பாய்லர் சுவரே பிளக்கும். அதனால ஒவ்வொரு பர்னர் பக்கத்துலயும் ஃபிளேம் ஸ்கேனர்னு ஒரு கண் இருக்கு, தீயோட மினுமினுப்பைப் பாத்துக்கிட்டே இருக்கும். தீ தெரியலன்னு போதுமான ஸ்கேனர் சொல்லிட்டா சிஸ்டம் யாரையும் கேக்காம எல்லா எரிபொருளையும் ஒரே நொடியில வெட்டிடும். யூனிட் டிரிப். இது நம்மளைக் காப்பாத்துற ஏற்பாடுதான், ஆனா சாயங்காலம் கிரிட்டுக்கு நம்ம கரண்ட் தேவைப்படுற நேரத்துல நாம சுவரைப் பாத்து நின்னுட்டிருப்போம்.

மில்லைக் குறைச்சு கூட்டம் சேக்குறது

இப்ப வழி என்னன்னா, அஞ்சு மில்லையும் அரைவயித்துல ஓட்டாம ரெண்டை நிறுத்திட்டு மூணை நல்லா நிறைச்சு ஓட்டுறது. அதுவும் அடுத்தடுத்த எலிவேஷன்ல இருக்கற மூணா இருக்கணும், அப்பதான் ஒண்ணோட தீ இன்னொண்ணைத் தாங்கும். அஞ்சு விறகைத் தள்ளித் தள்ளி வச்சா அணைஞ்சிடும், மூணை நெருக்கி வச்சா நின்னு எரியும்ல, அதேதான். மொத்த லோடு 40% ஆனாலும் ஓடுற ஒவ்வொரு மில்லும் முக்கால் வயிறு நிறைஞ்சிருக்கும், கலவை கெட்டியா இருக்கும், தீ பர்னர் வாயிலேயே பிடிச்சு நிக்கும்.

ஆனா இதுல ஒரு ஆபத்து இருக்கு, அதை நான் நேர்ல பாத்திருக்கேன். ஒரு மழை நாள், யூனிட் 45% பக்கம் மூணு மில்லுல நின்னுச்சு. நனைஞ்ச கரி வந்து ஒரு பீடருக்கு மேல, கரியைக் கொட்டி வைக்கிற பங்கரோட வாய்ல அடைச்சுக்கிச்சு, பீடர்தான் மில்லுக்கு கரியை அளந்து போடுற பெல்ட். பெல்ட் சுத்துது, கரி விழல. ஃபுல் லோடுல ஆறு மில் ஓடும்போது ஒண்ணு போனா ஆறுல ஒரு பங்கு தீ போகும், மத்தது இழுத்துக்கும். அன்னைக்குப் போனது மூணுல ஒரு பங்கு. ஸ்கிரீன்ல ஃபர்னஸ் பிரஷர் கோடு கீழ குத்துச்சு, ரெண்டு மூலை ஸ்கேனர் மினுக் மினுக்னு ஆச்சு, டிரம்ல தண்ணி மட்டம் ஆட ஆரம்பிச்சிச்சு, என் பக்கத்து சீட்ல இருந்த டெஸ்க் ஆபரேட்டர் யாருக்கும் சொல்லாமலே எண்ணெய் பீச்சி எரிக்கிற ஆயில் கன்னை உள்ள தள்ளிட்டார். எண்ணெய் தீ ஒரு பத்து செகண்ட்ல பிடிச்சுது, மிச்ச ரெண்டு மில்லோட தீயும் நின்னுச்சு, கீழ இருந்த பையன் சுத்தியலை எடுத்துட்டுப் போய் பங்கரைத் தட்டி கரியை இறக்கினான். எல்லாம் சேந்து நாலு நிமிஷம்கூட இருக்காது, ஆனா அந்த நாலு நிமிஷத்துல யாரும் ஒரு வார்த்தை பேசல. குறைஞ்ச லோடுல ஓட்டுறவங்களுக்குப் பின்னால தாங்கிப் பிடிக்க மிச்சம் இருக்கறது ரொம்பக் கம்மின்னு எனக்குப் புரிஞ்சது அன்னைக்குத்தான்.

எப்பவுமே ஆயில் கன் போட்டு ஓட்டினா என்னன்னு கேப்பாங்க. எண்ணெய் விலை ஜாஸ்தி, புகை ஜாஸ்தி, அதனால 'ஆயில் சப்போர்ட் இல்லாம எவ்ளோ கீழ நிக்க முடியும்'ங்கறதுதான் ஒரு யூனிட்டோட நிஜமான மினிமம் லோடு. இன்னும் நைசா அரைக்கிறது, எல்லா பர்னருக்கும் தூள் சமமாப் போற மாதிரி குழாயை சரி பண்றது, நல்ல ஸ்கேனர் போடுறது, இதெல்லாம் செஞ்சா இந்த அளவு இறங்கும். கரியோட குணமும் முக்கியம். சாம்பல் ஜாஸ்தியா இருந்தா அனலை சாம்பலே தின்னுடும், ஈரம் ஜாஸ்தின்னா காய வைக்கவே சூடு போயிடும்.

இந்தப் பகுதியில பாத்தது: நிலக்கரி தீ தன்னைத் தானே பத்த வச்சுக்கிட்டு வாழுது, லோடு குறைஞ்சா அந்தச் சங்கிலி அறுந்து போகப் பாக்குது, கம்மி மில்லுல கெட்டியா எரிச்சா நிக்கும், ஆனா ஒரு மில் போனாலும் அடி பலமா விழும்.

தண்ணி பக்கம்

பாய்லர்ல குழாய்க்கு வெளிப்புறம் அனல், உள்ள தண்ணி. குழாயைக் காப்பாத்துறது உள்ள ஓடுற தண்ணிதான். தண்ணி ஓட்டம் குறைஞ்சா குழாய் சூடேறி வீங்கி வெடிக்கும்.

டிரம் வச்ச பாய்லர்ல தண்ணி சுத்திச் சுத்தி வரும், அதனால குறைஞ்ச லோடுலயும் ஓரளவு சமாளிக்கும். புது காலத்து சூப்பர்கிரிட்டிக்கல் யூனிட்ல டிரம்மே கிடையாது. 221 பார் அழுத்தத்துக்கும் 374 டிகிரிக்கும் மேல போனா தண்ணிக்கும் ஆவிக்கும் வித்தியாசமே இல்லாம போயிடும், கொதிச்சு குமிழ் விடுற கட்டமே இல்ல, அதனால பிரிக்க டிரம் தேவைப்படல. தண்ணி ஒரு பக்கம் நுழைஞ்சு ஒரே ஓட்டத்துல மறுபக்கம் ஆவியா வெளிய வந்துடும். ஆனா லோடு 30-40%க்குக் கீழ போச்சுன்னா அந்த ஒரே ஓட்டம் குழாயைக் குளிர வைக்கப் போதாது. அப்ப தண்ணி ஓட்டத்தை ஒரு அளவுக்குக் கீழ குறையாம பிடிச்சு வச்சு, ஆவியாகாத மிச்சத்தைப் பிரிச்சு திரும்ப அனுப்புவாங்க. இதுக்கு வெட் மோட்னு பேரு, மேல போனா டிரை மோட். இந்த எல்லைக்கோட்டுலயே மேலயும் கீழயும் ஆடிக்கிட்டிருக்கறது யூனிட்டுக்கு நல்லதில்ல, ஒவ்வொரு தடவை தாண்டும்போதும் குழாயெல்லாம் சூட்டுலயும் குளிர்ச்சியிலயும் மாறி மாறி அடிபடும். ஒண்ணு கோட்டுக்கு நல்லா மேல நிக்கணும், இல்ல தெளிவா கீழ இறங்கிடணும்.

அழுத்தத்தை என்ன பண்றதுன்னு இன்னொரு கேள்வி இருக்கு. ரெண்டு வழி. பாய்லரை முழு அழுத்தத்துலயே வச்சுக்கிட்டு டர்பைன் வாசல்ல வால்வை நெரிக்கலாம், சைக்கிளை வேகமா மிதிச்சுக்கிட்டே பிரேக்கைப் பிடிக்கிற மாதிரி, சக்தி வீண். இல்ல வால்வைத் திறந்தே வச்சுட்டு லோடுக்கு ஏத்த மாதிரி பாய்லர் அழுத்தத்தையே இறக்கலாம், அதுக்கு ஸ்லைடிங் பிரஷர்னு பேரு. தண்ணி பம்புக்கும் வேலை குறையும், டர்பைனுக்குள்ள வெப்பநிலையும் பெருசா மாறாது. ஆனா இதுக்கும் ஒரு விலை உண்டு. 170 பார்ல தண்ணி 352 டிகிரியில கொதிக்கும், 85 பார்ல 299 டிகிரியிலயே கொதிக்கும். அழுத்தத்தைப் பாதியாக்கினா அந்தப் பத்து சென்டிமீட்டருக்கு மேல தடிமன் இருக்கற டிரம் சுவரு 50 டிகிரிக்கு மேல குளிரணும், சாயங்காலம் திரும்ப சூடேறணும். ராம்ப் ரேட்டுக்குத் தளை போடுறதுல பெரிய பங்கு இதுக்குத்தான்.

வால் பக்கமும் புகைபோக்கியும்

இதை வேகமா சொல்லிடறேன். டர்பைனோட கடைசி வரிசை பிளேடு ஒவ்வொண்ணும் ஒரு மீட்டர் பக்கம் நீளம் இருக்கும். ஆவி கம்மியா வந்தா அது பிளேடைத் தள்ளாது, பிளேடுதான் ஆவியைக் கடைய ஆரம்பிக்கும், கடையக் கடைய சூடாகும், அதிரவும் செய்யும். குளிர வைக்க தண்ணி தெளிப்பாங்க, அந்தத் துளியே பிளேடு விளிம்பை மெல்ல மெல்ல அரிக்கும்.

புகை பக்கம் வெப்பநிலை ரொம்ப இறங்கினா கந்தக அமிலம் திரவமாகி, உள்ள போற காத்தை சூடாக்குற ஏர் ஹீட்டர் தகட்டுல படிஞ்சு அரிக்கும். நைட்ரஜன் ஆக்ஸைடை மாத்துற கேட்டலிஸ்ட் இருக்கற பிளான்ட்ல அதுக்கு 300 டிகிரி பக்கம் சூடு வேணும், லோடு குறைஞ்சா அந்தச் சூடு கிடைக்காம அது வேலை செய்யாது.

பாதி லோடுன்னா பாதி கரியா?

இல்ல. அம்பது சீட் பஸ்ல இருபது பேர் போனாலும் பஸ்ஸோட எடையை இழுத்துத்தான் ஆகணும். பிளான்ட்லயும் ஃபேன், பம்ப், மில் எல்லாம் லோடுக்கு ஏத்த அளவு குறைஞ்சு சாப்பிடாது, வெப்ப இழப்பும் அப்படியே நேர்க்கோட்டுல குறையாது. இந்தியாவுல மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இந்த இழப்புக்கு ஈடு குடுக்க ஒரு கணக்கு வச்சாங்க. அதுல லோடு 55-65%ல ஓடினா ஒரு யூனிட் கரண்ட்டுக்குத் தேவைப்படுற வெப்பம் சூப்பர்கிரிட்டிக்கலுக்கு 3%, டிரம் வச்ச பழைய சப்கிரிட்டிக்கலுக்கு 6% கூடும்னு எடுத்துக்கிட்டாங்க. இன்னும் கீழ போகப் போக இன்னும் கூடும்.

இதை வச்சு, "பாத்தியா, சோலார் வந்து நிலக்கரி பிளான்ட்டை இன்னும் அழுக்காக்கிடுச்சு"ன்னு ஒரு வாதம் சுத்துது. கணக்கைப் போட்டுப் பாப்போம். 40% லோடுல ஒரு யூனிட் கரண்ட்டுக்கு 8-10% கரி கூட எரியுதுன்னே வச்சுக்கங்க. ஃபுல் லோடுல 100 எரிச்சோம்னா இப்ப 40க்குப் பதிலா 43, 44 எரிப்போம். மிச்சம் 56 எரியவே இல்ல, அந்த கரண்ட்டை வெயில் குடுத்துடுச்சு. ஒரு யூனிட் கரண்ட்டுக்கான புகை கூடினது நிஜம், மொத்தப் புகை பாதிக்கு மேல குறைஞ்சதும் நிஜம். முதல் பாதியை மட்டும் சொல்லிட்டு நிறுத்துறவங்க கிட்ட ரெண்டாவது பாதியைக் கேளுங்க.

செஞ்சு காமிச்சவங்க

டென்மார்க்ல காத்தாலை நிறைய வந்ததால அவங்க ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சுட்டாங்க, அங்க சில நிலக்கரி யூனிட் 20% பக்கம் வரைக்கும் இறங்குச்சு. கரண்ட்டோட சேத்து வீடுகளுக்கு வெந்நீரும் அனுப்புற பிளான்ட்டுங்க அது, பெரிய வெந்நீர் டேங்க் கட்டி வச்சதால கரண்ட்டையும் சூட்டையும் தனித்தனியா ஆட்ட முடிஞ்சுது. ஜெர்மனியில பெக்ஸ்பாக்னு ஒரு யூனிட், 700 மெகாவாட் சில்லறை, ரெண்டு மில்லுல ஓடும்போது மினிமம் 170 மெகாவாட்டா இருந்ததை ஒரே மில்லுல ஓட்டப் பழகி 90க்குக் கொண்டு வந்தாங்க. ஒரே மில்! மேல சொன்ன என் மழை நாளை நினைச்சுட்டு இதைப் படிச்சா அந்த ஆபரேட்டருங்க மேல எனக்கு அவ்ளோ மரியாதை வருது.

இந்தியாவுல தாத்ரியில ஒரு 490 மெகாவாட் யூனிட்டை 2018ல ஜெர்மன் ஆளுங்களோட சேந்து 40%ல ஓட்டிப் பாத்தாங்க, ஓடுச்சு. அப்புறம் 2023ல மத்திய மின்சார ஆணையம் விதியே போட்டுச்சு. முதல்ல எல்லா யூனிட்டும் 55%க்கு இறங்கணும், அப்புறம் கட்டம் கட்டமா 40%க்கு. ஏறுற வேகமும் அதுல இருக்கு, 70%க்கு மேல நிமிஷத்துக்கு 3%, 55-70க்கு நடுவுல 2%, 40-55க்கு நடுவுல 1%. கீழ போகப் போக ஏன் கம்மியாகுதுன்னு இப்ப உங்களுக்கே தெரியும், ஓடுற மில் கம்மி, தீ பலவீனம், டிரம் குளிர்ந்திருக்கு.

500 மெகாவாட் யூனிட்டுக்கு இதைப் போட்டுப் பாருங்க. 200ல இருந்து 275 போக நிமிஷத்துக்கு 5 மெகாவாட்னா 15 நிமிஷம். 275ல இருந்து 350க்கு ஏழரை நிமிஷம். அங்க இருந்து 500க்கு பத்து நிமிஷம். கிட்டத்தட்ட 33 நிமிஷத்துல அடியில இருந்து உச்சிக்கு வந்துடலாம், கோல்டு ஸ்டார்ட்டோட பத்து மணி நேரத்தைப் பக்கத்துல வச்சுப் பாருங்க.

சாயங்காலம் என்ன நடக்கும்?

அந்த 33 நிமிஷம் பேப்பர் கணக்கு. உண்மையில நிக்கிற மில்லை ஒண்ணொண்ணா உள்ள கொண்டு வரணும், வேலையே அதுலதான் இருக்கு. வெயில் சாயறதுக்கு முன்னாடியே, லோடு ஏத்தச் சொல்லி கிரிட்ல இருந்து போன் வர்றதுக்கும் முன்னாடியே, டெஸ்க் ஆபரேட்டர் நாலாவது மில்லுக்கு சூடான காத்தைத் திறந்துடுவார். மில் மெதுவா சூடேறணும், அவசரப்பட்டா உள்ள ஒட்டிக்கிட்டிருக்கற பழைய தூள் பத்திக்கும், சூடு போதாம கரி போட்டா ஈரமாவே வந்து குழாயை அடைக்கும். வெளிய வர்ற காத்து சரியான சூட்டுக்கு வந்ததும் மில் மோட்டார் ஓடும், பீடர் ஆன் ஆகும், அப்புறம் ஒரு நிமிஷம் ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும், கரி அரைபட்டு குழாய் ஏறி வர அவ்ளோ நேரம் ஆகும். அந்த நேரத்துல எல்லார் கண்ணும் அந்த எலிவேஷனோட நாலு ஸ்கேனர் மேலதான் இருக்கும். ஒண்ணு, ரெண்டு, மூணு பச்சை. நாலாவதும் பச்சையானதுக்கு அப்புறம்தான் போனை எடுத்து, "ஏத்துறோம்"னு சொல்வார்.